கேள்வியினால் வந்த லெந்து

அன்பான சபையாருக்கும், காட்பாடியில் எங்கள் தெருவில் இருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த மடலை நான் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிறாள். அவளைப் பற்றி வரும் வரிகளை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் முதல் நன்றி அவளுக்குத்தான்.

பிப்ரவரி கடைசியில் என் இடது கண்ணில் விழித்திரை விலகி, அறுவை செய்தார்கள். உள்ளே வாயு நிரப்பியிருப்பதால் குப்புறவே படுக்க வேண்டும் என்றார்கள். வலது கண் முன்பே மங்கல். மார்ச் 5, ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் தவ நாட்கள் தொடங்கும் சாம்பல் புதன் வந்தபோது நான் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தேன். கோயிலில் முப்பது வருடத்துக்கு மேல் வேதபாடம் வாசித்தவள் நான். லெந்து நாட்களில் ஒரு நாள் கூட வாசிக்காமல் படுத்ததில்லை. அன்று ராத்திரி அழுதுவிட்டேன்.

மறுநாள் சாயந்திரம் ஆறு மணிக்கு இந்தப் பிள்ளை வந்து, "நான் வாசிக்கட்டுமா பாட்டி?" என்றாள். அன்றிலிருந்து பரீட்சை நடுவிலும் ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லெந்துக் கணக்கில் சேராது, ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள், அதனால்தான் 46 நாளில் ஆறு ஞாயிறு போக 40 என்று எண்ணுகிறோம், அன்று மட்டும் லீவு எடுத்துக்கொள் என்றேன். அவள் கேட்கவில்லை.

வேதாகமத்தில் ரோமர் 10 வந்த அன்று, "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். "கேள்வி கேட்டால் திட்டுவாங்களே பாட்டி, இதிலே கேள்வியினால்தான் வரும்னு போட்டிருக்கே?" என்றாள். நாம் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அதில் கேள்வி என்றால் காதால் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். இத்தனை வருடம் நான் வாசித்தேன், மற்றவர்கள் கேட்டார்கள். இப்போதுதான் நான் கேட்கிறேன். அவள் சொன்ன பொருளும் தப்பில்லை என்று பட்டது. கேள்வி கேட்கிறவள்தானே கவனித்துக் கேட்கிறாள்?

அடுத்த நன்றி பக்கத்து பாய் வீட்டு அக்காவுக்கு. இந்த வருடம் ரம்ஜான் நோன்பும் லெந்தும் ஒன்றாக வந்தன. தினமும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் எனக்கு ஒரு தூக்கில் கஞ்சி வந்துவிடும். சொட்டுத் தண்ணீர் குடிக்காத வாயோடு அடுப்படியில் நின்று காய்ச்சிய கஞ்சி அது. ஒரு நாள் தாகத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். "மத்தியானம் கூட ஓடிப்போயிடும்மா. எல்லா வேலையும் முடிஞ்சு, தண்ணி எதிர்ல இருக்கிற அந்தக் கடைசி நேரம்தான்" என்றார்.

ஆயர் ஐயா பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதை எனக்குப் பேசக் கொடுத்திருந்தார். கண்ணைக் காரணம் சொல்லி மறுத்தபோது, "நீங்கள் வாசிக்க வேண்டாம் டீச்சர், சொல்லுங்கள் போதும்" என்றார். அந்தத் தைரியத்துக்காக அவருக்கு நன்றி. யோவான் 19ஐப் பிள்ளை எனக்கு ஐந்தாறு முறை வாசித்தாள். எல்லாம் முடிந்தது என்று அறிந்த பிறகுதான் ஆண்டவர் "தாகமாயிருக்கிறேன்" என்கிறார். தாயை யோவானிடம் ஒப்படைத்தாயிற்று. தனக்கென்று ஒரு வார்த்தை கடைசியில்தான் வருகிறது. இதை இத்தனை வருடம் வாசித்தும் நான் கவனிக்கவில்லை. அக்கா சொன்ன பிறகே காதில் விழுந்தது.

அடுத்த வசனத்தில், கடற்காளானைக் காடியிலே தோய்த்து, ஈசோப்புத் தண்டில் மாட்டி, அவர் வாயினிடத்தில் நீட்டுகிறார்கள். "கடற்காளான்னா என்ன?" என்று பிள்ளை கேட்க, ஸ்பாஞ்ச் என்றேன். காடியை அவளுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. கூழ் புளித்து மேலே தெளிந்து நிற்கும் நீரை எங்கள் அம்மா காடி என்றுதான் சொல்வார்கள். ஈசோப்பு என்கிற செடிக்கு யாத்திராகமம் 12ஐத் திறக்கச் சொன்னேன். பஸ்கா ஆட்டின் இரத்தத்தை நிலைக்கால்களில் தெளித்தது ஈசோப்புக் கொழுந்தால்தான். அந்தத் தண்டை யோவான் சிலுவையடியில் மறுபடி காட்டுகிறார். பிள்ளை வாயடைத்துப்போனாள். நானும்தான்.

பெரிய வெள்ளியான ஏப்ரல் 18 அன்று ஆட்டோத் தம்பி என்னைக் கோயில் வாசல்வரை கைப்பிடித்துக் கொண்டுவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பாலாற்றுப் பாலம் வழியாகப் போகிறோம் என்று சத்தத்தில் தெரிந்தது. வெறும் மணல்தானே தம்பி என்றேன், ஆமாம்மா என்றார். அதையே பேச்சின் முதல் வரியாக வைத்துக்கொண்டேன்.

முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், சொட்டு மருந்து போட வேளை தவறாமல் வந்த வாலிபருக்கும், பெரிய வெள்ளியன்று நான் தடுமாறி நின்றபோது பாட்டெடுத்துக் கொடுத்த பாடகர் குழுவுக்கும் என் நன்றி.

இப்போது அப்போஸ்தலர் நடபடிகள் தினம் ஓர் அதிகாரம் போய்க்கொண்டிருக்கிறது. இன்று எட்டாவது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவைச் சத்தமாக வாசிக்க, பிலிப்பு ஓடிப்போய்க் கேட்கிற அதிகாரம். ஆறு மணிக்குக் கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

உங்கள் டீச்சர்,
காட்பாடி