சலுகைன்னு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல, ‘நாப்பது வயசுலயே பென்ஷன், கேன்டீன் சலுகைன்னு ராணுவத்துல இருந்து வர்றவங்க கொடுத்து வச்சவங்க’ன்னு ஒரு வரி வந்துச்சு, அத படிச்சதுல இருந்து மனசே ஆறல. 24 வருஷம் ராணுவத்துல சிக்னல்ஸ்ங்கற தகவல் தொடர்புப் பிரிவுல இருந்துட்டு ஹவில்தார் ரேங்குல வெளிய வந்தவன் நான். போதும்னு கேட்டுட்டா வந்தேன்? எந்த ரேங்குக்கு எத்தன வருஷம்னு கணக்கு இருக்கு, அது முடிஞ்சா 43 வயசானாலும் பெட்டிய கட்ட வேண்டியதுதான், இங்க மாநில அரசு ஊழியருக்கு 60 வரைக்கும் வேலை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. கேன்டீன்ல சோப்பும் எண்ணெயும் கொஞ்சம் கம்மி விலை, அதுக்கும் எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும்.

ஊருக்கு வந்தப்ப பெரிய பொண்ணு எட்டாங்கிளாஸ். பதான்கோட், ஜோத்பூர்னு இந்தியிலயே படிச்சவ, இங்க தமிழ எழுத்துக்கூட்டிப் படிச்சா, கிளாஸ்ல சிரிக்கறாங்கப்பான்னு ராத்திரி அழுவா. நான் வேலை தேடி அலைஞ்சேன். பத்தாவது படிச்சவனா இருந்தாலும் 15 வருஷம் சர்வீஸ் இருந்தா டிகிரிக்கு சமம்னு சர்டிபிகேட் உண்டு, கிளார்க் மாதிரியான மத்திய அரசு குரூப் சி வேலைக்கு செல்லும். அத ஒரு ஆபீஸ்ல நீட்டினேன், அங்க இருந்த தம்பி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு ‘இது எந்த காலேஜ்’னு கேட்டாரு. பதில் சொல்ல வாய் வரல சார். கடைசில ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி, 12 மணி நேரம். ரேடியோ செட்டும் கேபிளும் புடிச்ச கைல ஒரு விசிலும் வண்டி நம்பர் எழுதற நோட்டும் குடுத்தாங்க.

எனக்காவது பென்ஷன் இருக்கு. அக்னிபத்னு ராணுவத்துக்கு ஆள் எடுக்கற புதுத் திட்டத்துல சேந்து 2023 ஜனவரில ட்ரெய்னிங் போன அக்னிவீர் பசங்களுக்கு 4 வருஷம்தான், அதுல நூத்துக்கு 25 பேர வரைக்கும்தான் வச்சுப்பாங்க, மீதி பசங்க இருவத்திச்சொச்சம் வயசுல சுமார் 11.71 லட்சத்தோட பென்ஷன் இல்லாம ஊருக்கு வரணும். எங்க தெருவுலயே ஒரு பையன் போயிருக்கான், அவங்கம்மா என்னப் பாக்கும்போதெல்லாம் ‘அப்புறம் என்னண்ணே பண்ணுவான்’னுதான் கேக்குது.

பெருசா ஒண்ணும் கேக்கல சார். வாரா வாரம் வேலைவாய்ப்பு பக்கம் போடறீங்கல்ல, அதுல முன்னாள் படைவீரருக்கு எத்தன இடம்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. மத்திய அரசு குரூப் சி-ல 10 சதவீதம் எங்களுக்குன்னு இருக்கறதே எங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்