கழற்றும்போது பார்க்க ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பாதுகாப்பு உடைகளை அணியும் முறையை விரிவாக எழுதியிருந்தீர்கள். கழற்றுவதற்கு ஒரே ஒரு வரிதான். மெல்பேர்ணில் பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்பவள் நான். ஆபத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

2020 ஜூலையில் இங்கே இரண்டாவது அலை. ஃபோக்னரில் உள்ள சென்ற் பசில்ஸ் இல்லத்தில் மட்டும் 45 முதியவர்கள் கோவிட்டால் இறந்தார்கள். அந்த ஆண்டு அவுஸ்திரேலியாவில் கோவிட்டுக்குப் பலியானோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். அப்போது நான் வேலை செய்த இடத்தில் தந்த பயிற்சி, கணினியில் அரைமணி நேரப் பாடம். சரியான பதிலை அழுத்தினால் சான்றிதழ் வந்துவிடும். கை எதையும் பழகியிருக்காது.

அந்த நாட்களில் ஒரு நாள், மறதிநோய் உள்ள ஓர் அம்மாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி முடித்திருந்தேன். என் முகம் தெரியாததால் அவர் பயந்து முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தபடியே இருந்தார். மேலங்கிக்குள் வியர்வை வழிந்தது. கண்கவசத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அறையை விட்டு வரும் அவசரத்தில் கையுறையைக் கழற்றாமலே முகக்கவசத்தில் கை வைக்கப் போனேன். மருத்துவமனையிலிருந்து உதவிக்கு வந்திருந்த மூத்த தாதி ஒருவர் வாசலில் நின்றார். "நில்லுங்கள், முதலில் கையுறை" என்றார். உட்புறம் வெளியே வரும்படி கையுறையை உரித்தேன். கைக்குக் கிருமிநீக்கி. பின்னால் முடிச்சை அவிழ்த்து மேலங்கியைச் சுருட்டினேன். மறுபடி கிருமிநீக்கி. கண்கவசத்தைப் பின்பக்கப் பட்டியில் பிடித்துக் கழற்றினேன். மறுபடி கிருமிநீக்கி. முகக்கவசம் கடைசியாக, முன்பக்கத்தைத் தொடாமல். அதன் பிறகும் கை சுத்தம். ஒவ்வொரு படிக்கும் அவர் கண் என் கையில் இருந்தது. வீட்டில் 81 வயது மாமியார் இருந்தார். நான் நேராக அவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

முதியோர் பராமரிப்பு பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 2020 ஒக்டோபரில் தந்த சிறப்பு அறிக்கைக்குப் பிறகு, ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான தாதி இருப்பது கட்டாயமானது. மிக நல்ல முடிவு. ஆனால் நான் பார்த்த இடங்களில் அந்தத் தாதியே மருந்து வண்டியையும் தள்ளுகிறார், குடும்பத்தினரின் தொலைபேசிக்கும் பதில் சொல்கிறார். தொற்று வந்த நாட்களிலாவது அவரை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்து, அறை வாசலில் நிற்க விட வேண்டும். இரவு ஷிஃப்டுக்கும் ஒருவர் வேண்டும்; அப்போதுதான் ஆட்கள் குறைவு, களைப்பு அதிகம்.

தொண்டை கரகரத்தால் வீட்டில் இருங்கள் என்கிறது வழிகாட்டல். நிரந்தர வேலை இல்லாதவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். இரண்டு இல்லங்களில் மாறி மாறி வேலை செய்து வாடகை கட்டுபவர்கள் எங்களில் எத்தனை பேர்! சம்பளத்துடன் விடுப்பு தராமல் அந்த வரியை எழுதுவது நியாயமில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலையில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். கழற்றும் வரிசையைப் பெரிய எழுத்தில், படங்களுடன், ஒரு முழுப் பக்கத்தில் தமிழில் வெளியிடுங்கள். வெட்டியெடுத்து எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
மெல்பேர்ண்