பவுன்சர் தொட்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பவுன்சர் நாற்காலி விளம்பரம் ஒன்று பார்த்தேன், கைக்குழந்தையைச் சாய்த்துப் படுக்க வைத்தால் அது கால் உதைக்க உதைக்கத் தானே ஆடுமே, அதுதான். "போட்டவுடன் தூங்கிவிடும், நீங்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு வரி தப்பு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது, ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் விற்கிற கடையில் மாப்பிள்ளை வாங்கி வந்தார். இடுப்பு வாரின் பூட்டு உடைந்திருந்தது, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் தாளும் இல்லை. வாரை ஒரு நாடாவால் முடிந்து வைத்தோம், இத்துனூண்டு பிள்ளை எங்கே இறங்கி ஓடப்போகிறது என்று.

சித்திரை வெயில், வழக்கம்போல் கரண்ட் இல்லை. நாங்கள் நாலாம் மாடி, தரையில் காற்றே வராது, அதனால் ஜன்னலோரச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் நாற்காலியை வைத்துப் பிள்ளையைப் போட்டேன். கீழே தெருவிலிருந்து மணிக்கயிற்றை யாரோ இழுத்தார்கள் (ரங்கூன் மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு, கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், சாமானையும் அதிலேயே கட்டி மேலே இழுத்துக்கொள்வோம்), பால்கனிக்குப் போய்க் கீரைப் பையை மேலே இழுத்துவிட்டுத் திரும்புகிறேன், நாற்காலியின் முன்கம்பி மேஜை விளிம்பில் நிற்கிறது! இன்னும் இரண்டு உதை, அவ்வளவுதான். பிள்ளை என்னவோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். துள்ளுவதற்கென்றே செய்த சாமான், துள்ளத் துள்ள நகரத்தானே செய்யும், வழவழப்பான மேஜை என்றால் கேட்கவே வேண்டாம். அதன் இடம் தரை. கட்டில், சோபாவும் ஆகாது, மெத்தை அமுங்கி நாற்காலி ஒருபக்கம் கவிழ்ந்தால் பிள்ளையின் முகம் துணியில் புதைந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் தூக்கம். எங்கள் கீழ்வீட்டில் ஒரு பர்மிய நர்ஸ் இருக்கிறார், என் மகள் மமா (பர்மிய மொழியில் அக்கா) என்று கூப்பிடுவாள். ஒருநாள் மேலே வந்தவர் பவுன்சரில் பிள்ளை தூங்குவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே தூக்கிப் பாயில் மல்லாக்கப் போட்டார். எனக்குக் கோபம்தான், தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அப்புறம் சொன்னார்: கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இன்னும் நிற்கவில்லை, சாய்ந்த வாக்கில் தூங்கினால் தலை முன்னால் தொங்கி முகவாய் நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குழல் மடங்கிய ரப்பர் குழாய் மாதிரி அடைபடும். அதற்குத் தலையைத் தூக்கவும் தெரியாது, அழவும் முடியாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்தாம். சத்தமே இல்லாமல் தூங்குகிறாள் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை லேசில் விடவில்லை, "அமெரிக்காவிலேயே விற்கிறான் அத்தை" என்றார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் தேடி அனுப்பியதைக் காட்டினேன். ஃபிஷர் பிரைஸ் கம்பெனி, தூங்க வைப்பதற்கென்றே விற்ற 'ராக் அன் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டிலை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றது, ஏறக்குறைய 47 லட்சம் தொட்டில்கள். அதற்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன, வார் மாட்டாததால் புரண்டு கவிழ்ந்த பிள்ளைகளும் அதில் உண்டு. தலைப்பக்கம் 10 டிகிரிக்கு மேல் உயர்ந்த தூங்கும் தொட்டில்களுக்கு 2022இல் அமெரிக்காவில் சட்டம் போட்டே தடை. நம் பவுன்சர் அதுவல்ல, அது விழித்திருக்கும் பிள்ளைக்கான சாமான், ஆனால் தூங்க விட்டால் இரண்டும் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்துச் சேலைத் தூளியே மேல்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். தூளியிலும் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில்தான் படும். நாங்கள் எல்லாரும் அதில் வளர்ந்தோம், சரி, வளராமல் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? கெட்டியான சமதரை, மல்லாந்த பிள்ளை, பக்கத்தில் தலையணை, துணி எதுவும் வேண்டாம். கொசுவுக்குக் குடை போல் விரியும் சின்ன வலை இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

பவுன்சரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வெங்காயம் உரிக்கும்போது எதிரில் தரையில் வைத்து, வாரைச் சரியாகப் பூட்டி, பிள்ளை விழித்திருக்கும்போது ஒரு கால்மணி அரைமணி வைத்துக்கொள்ளுங்கள், கண் சொருகினால் தூக்கிப் பாயில் போட்டுவிடுங்கள். பொம்மை தொங்கும் கம்பியைப் பிடித்து நாற்காலியைத் தூக்காதீர்கள், அது கழன்று வரும். தானாக உட்காரத் தொடங்கிவிட்டால் நாற்காலியை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த முறை போடும்போது "தரையில் மட்டும் வைக்கவும், தூங்க வைக்க அல்ல" என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அதையும் கொட்டை எழுத்தில்.

எங்கள் நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போடப்போனார் மாப்பிள்ளை. பூட்டு இல்லாத நாற்காலி இன்னொரு வீட்டுக்குப் போவானேன் என்று துணியைக் கிழித்து, கம்பியை வளைத்த பிறகுதான் கீழே இறக்க விட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, ரங்கூன்