மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கால் எப்படி இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று நீ ஒருத்திதான் கேட்டாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள்.

கால் பரவாயில்லை. இடது பாதம் மரத்தே இருக்கிறது, ஆனாலும் நடந்துவிடுகிறேன். மனசுதான் போன வருடம் முழுக்கச் சரியில்லை. அது எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்திருக்க முடியாது, யாரிடமும் பேசப் பிடிக்காது, படிக்க எடுத்தால் முதல் பக்கத்திலேயே கண் நின்றுவிடும். எனக்கு வந்திருக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிற நோய், வந்தால் அசதி இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சரி, இதுவும் அதுதான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் தங்கை கேட்டாள்: "நன்றாக ஓய்வெடுத்த அன்றைக்காவது பாடணும் என்று தோன்றுகிறதா உனக்கு?" தோன்றவில்லை. வெறும் அசதியாக இருந்தால் ஆசை இருக்கும், உடம்புதான் ஒத்துழைக்காது. எனக்கு ஆசையே வற்றிப்போயிருந்தது.

நரம்பியல் மருத்துவரிடம் அழுதுகொண்டேதான் சொன்னேன். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறதாம். நோயை நினைத்துக் கவலைப்படுவதால் மட்டும் இல்லை. நரம்பின் உறை அழிகிற இடங்களும் மூளைக்குள் நடக்கும் அழற்சியும்கூட மனநிலையை மாற்றும். நோய் திடீரென்று தீவிரமாகும்போது ஏற்றுகிற ஸ்டீராய்டும் சிலரைப் படுத்தி எடுத்துவிடும். எனக்கு நான்கு இரவு தூக்கமே இல்லை, அப்புறம் ஒரேயடியாகச் சரிந்தேன்.

இத்தனை நாளும் தைரியம் போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே! பாதம் மரத்ததற்கு யாரும் "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்வதில்லை. இதற்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்? செத்துப்போனால் என்ன என்ற நினைப்பும் இரண்டு முறை வந்தது. அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னேன். அதைச் சொன்னதுதான் நான் செய்தவற்றிலேயே நல்ல காரியம்.

இப்போது மனநல மருத்துவர் தந்த மாத்திரை, வாரம் ஒருமுறை கவுன்சலிங், முடிந்த நாளில் கொஞ்சம் நடை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. போன வாரம் சமையலறையில் ஒரு பாட்டை முணுமுணுத்தேன். தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன் அத்தை மகனுக்கும் இதே நோய், காரணமே இல்லாமல் அழுகிறான், சில நேரம் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தாய். அது துக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் பாதிக்கப்பட்டால், உள்ளே சோகம் இல்லாமலே கண்ணீர் கொட்டும். அதற்குத் தனியே மருந்து உண்டு. அவன் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லச் சொல். அவனை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாவம்.

அவனை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ளும் உன் அத்தை ஒழுங்காகத் தூங்குகிறார்களா? அதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி