எங்கள் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எலும்பில் வந்த ஈவிங் சார்கோமா என்ற புற்றுநோயிலிருந்து எங்கள் மகளை மீட்டது கீமோ. அதே கீமோவின் பின்விளைவாக ரத்தப் புற்றுநோய் வந்தபோது எங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி லேபில் இருந்த சகோதரிக்கு. முடி வளர்ந்து, பள்ளிக்கும் போகத் தொடங்கியிருந்தாள். வழக்கமான பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தன. ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று விட்டிருக்கலாம். நீங்கள் ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அன்றே டாக்டரை அழைத்தீர்கள்.

டாக்டர் அம்மா, நீங்கள் எதையும் மறைக்கவில்லை. எட்டோபோசைட் போன்ற கீமோ மருந்துகள் டிஎன்ஏ இழையை அறுபட்ட நிலையிலேயே நிறுத்திவைக்கின்றன. புற்றுசெல் சாவதே அதனால்தான். ரத்தத்தை உண்டாக்கும் நல்ல செல்லில் அறுந்த துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டால் இந்த நோய் வருகிறது, பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுக்குள். சைக்ளோபாஸ்பமைட் வகை மருந்தால் என்றால் 5 முதல் 7 ஆண்டுகூட ஆகுமாம். மகளின் 11ஆவது குரோமோசோமில் அந்த ஒட்டு இருந்ததைத் தாளில் வரைந்தே காட்டினீர்கள். "அந்த மருந்துக்குச் சம்மதம் சொன்னது நாங்கள்தானே" என்று நான் அழுதபோது, "அது இல்லாமல் முதல் நோயை விரட்டியிருக்க முடியாதும்மா. மிகச் சில குழந்தைகளுக்கே இப்படி வருகிறது" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பிளேட்லெட் கொடுத்தவர்களே, சேமித்து வைத்தாலும் ஒரு வாரம்கூடத் தாங்காத பொருள் அது. அதனால்தான் திரும்பத் திரும்ப உங்களைக் கூப்பிட்டோம். வேலையை விட்டு வந்து, ஊசி குத்திய கையை அசைக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தீர்கள். ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை காலியாகிக் கிடந்த வாரங்களில் அவள் உடம்பில் ரத்தக்கசிவை நிறுத்தியது உங்கள் பிளேட்லெட்தான். இதை எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரவில் காய்ச்சல் ஏறும்போதெல்லாம் ஓடி வந்த நர்ஸ்களுக்கும், பாடங்களைப் பதிவு செய்து அனுப்பிய ஆசிரியைக்கும் நன்றி.

அவளுக்கு, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து வாங்கிச் செலுத்த வேண்டியிருந்தது. கூடப்பிறந்த ஒருவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அவள் தம்பிக்குப் பொருந்தவில்லை. கொடையாளரே, முகம் தெரியாத நீங்கள் ஸ்டெம் செல் கொடுத்தீர்கள். அவள் கைப்பட எழுதிய பெயரில்லாக் கடிதம் கொடையாளர் பதிவகம் வழியாக உங்களுக்கு வந்திருக்கும். இப்போது அவள் உடம்பில் ஓடுவது உங்கள் ரத்தம்.

ஸ்டெம் செல் மாற்றியதால், குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமாம். அதைப் போடப்போகிற கைகளுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அவள் அம்மா