அந்த அறை ஸ்டோர் இல்லை

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நம் ஊர் உயர்நிலைப்பள்ளி புதிய இடத்துக்கு மாறிய பிறகும் பழைய கட்டடத்தை இடிக்க விடாமல் காப்பாற்றி, இப்போது அதில் வரலாற்றுக் கண்காட்சியும் திறந்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியர்களின் படங்கள், கோப்பைகள், சாரணர் கொடி எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். ஆனால் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை அறையில் 'பழைய ஸ்டோர்' என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். அது ஸ்டோர் இல்லை. முதலாம் படிவத்துக்கு முன் ஓர் ஆண்டு ஆங்கிலம் படிக்கும் புகுமுக வகுப்பு நடந்த அறை. அந்தப் பலகையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பின்னணி உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்போடு நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை வடிகட்டிய முறை 1965 முதல் இல்லை. உயர்நிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவம் வரை எல்லாரும் படிக்கலாம் என்றானது. பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறை ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கியது அப்போதுதான். ஆங்கிலத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நேரே முதலாம் படிவத்துக்குப் போனார்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் ஓர் ஆண்டு அந்தத் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் போக முடிந்தது.

அந்த ஓர் ஆண்டு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த குடும்பத்துக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். கூடுதலாக ஓராண்டுக்குப் பஸ் காசு, சீருடை, சப்பாத்து. விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கைக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, இருட்டில் தோட்டத்துச் சடக்கில் நடந்து வந்து பஸ் பிடிப்பாள் என் அக்கா. 1966-இல் அவள் புகுமுக வகுப்பு. கூடப் படித்த பெண்கள் சிலர் ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்று, புல் வெட்டப் போய்விட்டார்கள். அக்கா 1969 வரை தாக்குப்பிடித்தாள். மூன்றாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எல்சிஇயில் தேறவில்லை. தேறாதவர்களுக்கு நான்காம் படிவம் கிடையாது. மறு மாதமே அவள் கையில் ரப்பர் பால்வாளி.

கண்காட்சியில் தேறியவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. இருக்கட்டும், அவர்கள் உழைத்துப் பெற்ற பெயர் அது. அக்காவைப் போன்றவர்கள் அங்கே படித்ததற்கு ஓர் அடையாளம்கூட இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏற்கெனவே எவ்வளவோ போய்விட்டது. தோட்டங்களை வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்றார்கள். லயங்கள் போயின, கோயில்கள் இடம் மாறின. இங்கே இன்னார் வாழ்ந்தார்கள் என்று ஒரு கல்கூட நடவில்லை. அவையெல்லாம் நம் கையில் இல்லாத முடிவுகள். ஆனால் இந்தப் பலகையை மாட்டியது நம் ஆட்கள். நம் பிள்ளைகள் படித்த அறையை நாமே ஸ்டோர் ஆக்கலாமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய செலவு இல்லை. பலகையை எடுத்துவிட்டுப் 'புகுமுக வகுப்பு' என்று எழுதுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அலுவலக அலமாரியில் இருப்பதாகச் சொன்னீர்கள். கரையான் அரிப்பதற்குள் அவற்றைப் பார்த்து, அந்த வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களை எழுதி அறையில் மாட்டுங்கள். எழுதி எடுக்கும் வேலையை நானும் என் வயது நண்பர்களும் செய்துதருகிறோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, எழுத்தில் ஒரு பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புகுமுக வகுப்பில் படித்த ஒரு பழைய மாணவன்