1981 மாஹே (செஷல்ஸ்) விமானக் கடத்தல் தொடர்பான இந்திய அரசு ஆவணங்களைத் திரட்டி ஆய்வுக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தேசிய ஆவணக் காப்பகம்,
ஜன்பத், புது தில்லி.

பொருள்: இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸில் 25.11.1981 அன்று முறியடிக்கப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது கடத்தப்பட்ட ஏர் இந்தியா விமானம் பற்றிய கோப்புகளை அடையாளம் கண்டு, பட்டியலிட்டு, ஆய்வாளர்களின் பார்வைக்கு வைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற பின் கடந்துவந்த முதற்பத்தாண்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதிவருகிறேன். அதில் செஷல்ஸ் பற்றிய பகுதிக்காகவே இம்மனுவைத் தங்களுக்கு அனுப்புகிறேன். ஒன்றிய அரசின் எந்த அலுவலருக்கும் தத்தம் மொழியில் முறையீடு அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350-ஆவது உறுப்பு வழங்கியிருப்பதால் தமிழிலேயே எழுதியுள்ளேன்.

செஷல்ஸ் 1976 ஜூன் 29 அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. ஓராண்டு நிறைவதற்குள், 1977 ஜூன் 5 அன்று, அதன் முதல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மான்ச்சம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டனில் இருந்த வேளையில் ஆட்சி பறிக்கப்பட்டு, பிரதமராக இருந்த பிரான்ஸ் ஆல்பர்ட் ரெனே குடியரசுத் தலைவரானார். ஆகவே 1981-இல் கவிழ்க்கப்படவிருந்த அரசும் ஓர் ஆட்சிக்கவிழ்ப்பின் வழியாக வந்த அரசுதான் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அதைக் கவிழ்க்க வந்தவர்கள் அந்நாட்டு மக்கள் அல்லர். காங்கோவில் கூலிப்படை நடத்திப் பெயர்பெற்றிருந்த மைக் ஹோர் என்பவரின் தலைமையில், தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவுகளில் இருந்தவர்களும் பழைய ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) படைவீரர்களும் பணத்துக்காகத் திரட்டப்பட்டிருந்தனர்.

இவர்கள் சுற்றுலாப் பயணிகளாக வேடமிட்டு, ராயல் ஸ்வாசி நிறுவனத்தின் விமானத்தில் மாஹே தீவின் பாய்ன்ட் லாரு விமான நிலையத்தில் வந்திறங்கினர். 1920-களில் இங்கிலாந்தில் இயங்கிப் பின்னர் கலைந்துபோன, பீர் பிரியர்களின் தர்ம சங்கம் ஒன்றின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, தீவுக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மைகள் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டனர். பைகளின் மேல்தட்டில் பொம்மைகளும் பொய்யடித்தட்டில் ஏகே-47 துப்பாக்கிகளும் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் சோதனையைக் கடந்துவிட்ட நிலையில், ஒருவருடைய பையைத் திறந்து பார்த்த சுங்க ஊழியரின் கையில் துப்பாக்கி அகப்பட்டது. தலைநகரில் நடத்தத் திட்டமிட்ட முற்றுகை விமான நிலையத்திலேயே தொடங்கி அங்கேயே முடிந்துபோனதற்கு, வழக்கமான ஒரு சோதனையைச் சோம்பலின்றிச் செய்த ஒரு சாதாரண அலுவலரே காரணம். இவ்விவகாரம் பற்றிய எழுத்துகளில் ஹோருக்குக் கிடைக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட அந்த ஊழியருக்குக் கிடைப்பதில்லை.

துப்பாக்கிச் சண்டையில் செஷல்ஸ் படைவீரர் ஒருவரும் கூலிப்படையினருள் ஒருவரும் உயிரிழந்தனர். நிலையம் கூலிப்படையின் வசமிருந்தபோதுதான், ஜிம்பாப்வேயின் சாலிஸ்பரியிலிருந்து (இன்றைய ஹராரே) மாஹே வழியாகப் பம்பாய்க்குச் செல்லவேண்டிய ஏர் இந்தியாவின் போயிங் 707 விமானம் அன்றிரவு அங்கே தரையிறங்கியது. விமானி உமேஷ் சக்சேனாவின் பொறுப்பில் பயணிகளும் பணியாளர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். தப்பிச்செல்ல வேறு வழியற்றிருந்த கூலிப்படையினர் அந்த விமானத்தில் ஏறி, இறந்த தம் கூட்டாளியின் உடலோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தனர்.

தங்கள் கவனத்துக்கு நான் முதன்மையாகக் கொண்டுவர விரும்புவது இந்த இரவைத்தான். 1946 முதல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டிருந்த இந்தியாவுக்கு 1981-இல் அந்நாட்டில் தூதரகம் கிடையாது; அந்நாட்டுக்குச் செல்லத்தக்கதல்ல என்ற குறிப்பு இந்தியக் கடவுச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நாட்டில், இந்திய அரசுக்குச் சொந்தமான விமானமும் அதிலிருந்தோரும் ஆயுதமுனையில் கொண்டுபோய் இறக்கப்பட்டபோது, தில்லியும் பம்பாயும் யாருடன் பேசின, எந்த மூன்றாம் நாட்டின் வழியாகப் பேசின, மாஹேயில் எரிபொருள் நிரப்பி விமானம் புறப்பட அனுமதிப்பது குறித்து ரெனே அரசுடன் என்ன தொடர்பு இருந்தது என்பவை இந்திய வெளியுறவு வரலாற்றுக்கு மிகவும் பயன்படும் செய்திகள். அவற்றை வேறெந்த நாட்டின் காப்பகமும் நமக்குத் தர இயலாது.

இன்னொரு காரணமும் உண்டு. டர்பனில் இறங்கிய 44 பேரில் 39 பேரைத் தென்னாப்பிரிக்க அரசு குற்றச்சாட்டு ஏதுமின்றி முதலில் விடுவித்தது. ஐவர் மீது மட்டும் ஆட்கடத்தல் வழக்குப் பதிவானது. விமானக் கடத்தல்காரர்களுக்குப் புகலிடம் தரும் நாட்டுக்கு விமானப் போக்குவரத்தையே நிறுத்துவோம் என்று ஏழு தொழில்வள நாடுகள் 1978-இல் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் செய்திருந்த அறிவிப்பு நினைவூட்டப்பட்ட பின்னரே, அனைவர் மீதும் விமானக் கடத்தல் வழக்குத் தொடரப்பட்டது. காந்தியடிகள் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் அந்த வழக்கும் நடந்தது. விமானி தாமாகவே ஏற்றிச்செல்ல இசைந்தார், இது கடத்தலே அன்று என்பது ஹோர் தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்காமல் 1982 ஜூலையில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 1985-இலேயே வெளியே வந்துவிட்ட அவர், தம் தரப்பை ஒரு நூலாகவே எழுதி, 2020-இல் நூறு வயதில் காலமாகும் வரை சாகசக்காரராகவே பேசப்பட்டார். துப்பாக்கிக்கு எதிரே நின்று, தம் பொறுப்பில் இருந்தவர்களை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்த இந்தியப் பணியாளர்கள் நாடு திரும்பியதும் தம் நிறுவனத்துக்கும் அரசுக்கும் அளித்த வாக்குமூலங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அல்லாமல், அந்தச் சாகசக் கதையை எந்த ஆய்வாளரும் முறையாக எடைபோட முடியாது.

பிற நாடுகள் இதில் தத்தம் பங்கைச் செய்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1981 டிசம்பரில் 496-ஆம் தீர்மானத்தின் மூலம் அயர்லாந்து, ஜப்பான், பனாமா ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1982 மே மாதத்தின் 507-ஆம் தீர்மானம் அந்தக் கூலிப்படைத் தாக்குதலைக் கண்டித்தது. விமானத்தில் தப்பாமல் மாஹேயிலேயே பிடிபட்ட கூலிப்படையினரில் ஒருவர் தென்னாப்பிரிக்க உளவுத்துறை அலுவலர் என்பது அம்பலமானது. அவர்களில் நால்வருக்கு மரண தண்டனை விதித்த செஷல்ஸ், அதை நிறைவேற்றாமல் 1983-இல் அனைவரையும் திருப்பி அனுப்பியது. தன் அரசின் கை இதில் இருந்ததைத் தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பிற்காலத்தில் பதிவுசெய்தது. 1977 ஆட்சிக்கவிழ்ப்பையும் அதையொட்டிய உரிமை மீறல்களையும் விசாரித்த செஷல்ஸின் ஆணையமும் 2023-இல் தன் அறிக்கையை அளித்துவிட்டது. இந்திய ஆவணங்கள் மட்டும் இந்த வரிசையில் சேர வேண்டியுள்ளது.

சட்டநிலை இதற்கு இடையூறாக இல்லை என்றே கருதுகிறேன். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 1997-ஆம் ஆண்டின் விதிகளும், 25 ஆண்டுகளைக் கடந்த நிலையான மதிப்புடைய ஆவணங்கள் தங்கள் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்கின்றன. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் நீங்கலாக, வழங்கவேண்டும் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு கூறுகிறது. இந்நிகழ்வு நடந்து 44 ஆண்டுகள் ஆகின்றன. நாட்டின் பாதுகாப்பைத் தொடும் பகுதி ஏதேனும் இருப்பின் அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைத் திறப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இதில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் கைக்கு மாறியதே. 1981-இல் அது 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசுக் கழகம். ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கழகங்களையும் ஆவணங்களை உருவாக்கும் அமைப்புகளாக 1993 சட்டம் வரையறுப்பதால், அக்காலத்தில் அது உருவாக்கிய விமானப் பயணப் பதிவுகளும், பணியாளர் அறிக்கைகளும், விமானத்துக்கு நேர்ந்த சேதம் குறித்த குறிப்புகளும் பொது ஆவணங்களே என்பது என் பணிவான வாதம். கைமாற்றங்களின்போது பழைய காகிதங்களே முதலில் கழிக்கப்படும் என்பது அலுவலகங்களை அறிந்த எவருக்கும் தெரியும்.

எனவே, குடிமை வானூர்திப் போக்குவரத்து அமைச்சகம், வெளியுறவு அமைச்சகம், ஏர் இந்தியாவின் பழைய பதிவறைகள் ஆகியவற்றில் இந்நிகழ்வு குறித்து எஞ்சியுள்ள கோப்புகளை அடையாளம் காணத் தாங்கள் எழுத்துமூலம் கேட்டுப்பெறவும், அவை முடிவாகும் வரை எதையும் அழிக்கலாகாது என அந்த அலுவலகங்களுக்கு அறிவுறுத்தவும், கிடைத்தவற்றின் பட்டியலை தங்கள் காப்பகத்தின் அபிலேக் படல் இணையவாயிலில் வெளியிடவும், அந்த விமானத்தில் பணியாற்றியவர்களில் இன்று நம்மிடையே இருப்போர் விரும்பினால் அவர்களுடைய நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்யவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயணிகளின் பெயர், முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்களை மறைத்தே வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கோருகிறேன். எனக்குத் தேவை நிகழ்வின் வரிசையும் அரசின் முடிவுகளுமே.

அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாத நிலை இருப்பின், பணியாளர்களின் வாக்குமூலங்களை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கோப்புகள் காப்பகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டால் தில்லிக்கு நேரில் வந்து படிக்க ஆயத்தமாக இருக்கிறேன். படியெடுக்கும் கட்டணத்தையும் செலுத்துவேன். இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: தூத்துக்குடி
நாள்: 18.11.2025

நகல்: செயலாளர் அவர்கள், குடிமை வானூர்திப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி. தகவலுக்காகவும், பழைய பதிவுகளைப் பாதுகாக்கும் நடவடிக்கைக்காகவும்.